கப்பற் பிரயாணிகளும் ஆபத்துக்காலப் பயிற்சியும்

உல்லாசப் பயணக் கப்பல் கடல்மீது மிதக்கும் நகரத்தை ஒத்தது. ஆயிரக்கணக்கான மக்கள் அதன்கண் உண்டும் உறங்கியும் ஆடியும் பாடியும் பொழுது போக்குவர். நகரத்தில் தீ மூண்டால் மக்கள் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலிலோ ஓடுதற்கு வேறிடமில்லை. ஆதலின், பிரயாணிகளை ஒருங்கு கூட்டி, ஆபத்து நேரின் செய்யவேண்டியவற்றைக் கற்பித்தல் கப்பல்களில் விதியாயிற்று. களிப்பை நாடி வந்தோருட் பலர் இதனை வெறுஞ் சடங்கெனக் கருதுவர். அது சடங்கன்று என்பதைக் கடல் விபத்துக்களின் வரலாறு காட்டும்.

1912ஆம் ஆண்டு ஏப்பிரில் 14ஆந் திகதி இரவு 11.40 மணிக்கு, ரைற்றானிக் என்னுங் கப்பல் வட அத்திலாந்திக் சமுத்திரத்திற் பனிப்பாறையொன்றுடன் மோதியது. அது மூழ்குதற்கு 2 மணி 40 நிமிடஞ் சென்றது. கப்பலில் இருந்தோர் ஏறக்குறைய 2,200 பேர். படகுகளில் இடமிருந்ததோ 1,178 பேருக்கே. படகுகள் போதாமையே பேரழிவுக்குக் காரணம் என்பர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. இருந்த இடங்கள்தாமும் நிரம்பவில்லை. 40 பேர் ஏறத்தக்க படகொன்று 12 பேருடன் இறக்கப்பட்டது. எங்கே கூடவேண்டும், எப்படகில் ஏறவேண்டும் என்பன பிரயாணிகளுக்கு முன்னர்க் கற்பிக்கப்படவில்லை. பெருங்கப்பலை விட்டுச் சிறுபடகில் இறங்கப் பலர் தயங்கினர். உயிர் தப்பியோர் ஏறக்குறைய 700 பேரே.

இவ்வழிவின் பயனாக, கடலில் உயிர்களைக் காத்தற்கான முதலாவது சருவதேசச் சமவாயம் 1914இல் இலண்டனில் உருவாயிற்று. இன்று வழக்கிலுள்ளது, பின்னர்த் திருத்தங்கள் பல பெற்ற 1974ஆம் ஆண்டுச் சமவாயமாகும். இதன்படி ஆபத்தை அறிவிக்கும் அடையாளம் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும், அவற்றைத் தொடரும் ஒரு நெடிய ஒலியுமாம். அதனைக் கேட்டவுடன் தத்தமக்குரிய இடத்திற் கூடுதல், உயிர்காப்பு அங்கியை முறைப்படி அணிதல் என்பனவே பயிற்சியின் சாரம். கப்பலைக் கைவிடுமாறு கட்டளை பிறந்தபின் 30 நிமிடத்துள் எல்லாரையும் ஏற்றிய படகுகள் யாவும் இறக்கப்படத்தக்கனவாயிருத்தல் வேண்டும் என விதி கூறுகின்றது. ஆயின், அக்கணக்கு அனைவரும் அங்கியணிந்து கூடிய பின்னரே தொடங்கும். அதற்கு முன் செல்லுங் காலத்தைக் குறைப்பது பிரயாணிகளின் பயிற்சியே.

பயிற்சி எப்போது நிகழவேண்டும் என்பதும் உயிர்கொடுத்துக் கற்ற பாடமாகும். முன்னைய விதி, கப்பலில் ஏறிய 24 மணித்தியாலத்துள் அதனை நடத்தினாற் போதும் என்றது. 2012ஆம் ஆண்டு சனவரி 13ஆந் திகதி மாலை, கொஸ்தா கொன்கோர்டியா என்னுங் கப்பல் இத்தாலியின் சிவித்தாவெக்கியாத் துறையிலிருந்து புறப்பட்டது. அன்றிரவே அது ஜில்லியோத் தீவின் அருகே பாறையில் மோதிற்று. அத்துறையில் ஏறிய ஏறக்குறைய 700 பிரயாணிகளுக்குப் பயிற்சி மறுநாளுக்கே குறிக்கப்பட்டிருந்தது. விதி மீறப்படவில்லை, ஆபத்தோ விதி கொடுத்த தவணைக்குக் காத்திருக்கவில்லை. கப்பலைக் கைவிடுங் கட்டளையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்தது. கப்பல் சாய்ந்தமையாற் சில படகுகளை இறக்க இயலவில்லை. 32 பேர் இறந்தனர். 2015ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நிகழவேண்டும் என விதி திருத்தப்பட்டது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர், பல கப்பல்களிற் பிரயாணிகள் விளக்கத்தைக் கைத்தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ கண்டு, பின்னர்த் தனித்தனியே கூடுமிடத்துக்குச் சென்று பதிவு செய்கின்றனர். முறை மாறினும் நோக்கம் ஒன்றே. இருளிலும் புகையிலும் அறிவு தடுமாறும். பழகிய கால்களே அப்போது வழி காட்டும். அவ்வழியைக் கால்களுக்குப் பகலிலே பழக்குதல்தான் வருமுன் காத்தலாகும்.