மாங்கொட்டை வகை மரங்களும் தாவரவியல் பூங்காவும்

சோளத்தையும் உளுந்தையும் நன்றாகக் காயவைத்துக் கட்டினால் அடுத்த பட்டம் வரை விதை கெடாது. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் அப்படியல்ல. ஈரம் வற்றியதும் கரு செத்துவிடும். ஆண்டிபட்டிக்குத் தெற்கே வருசநாடு, மேகமலைச் சோலைகளில் நிற்கும் மரங்களில் பலவும் மாங்கொட்டை வகைதான். விதையை மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்கும் விதை வங்கிகள் இவற்றுக்கு உதவா. காட்டுக்கு வெளியே காப்பாற்ற வேண்டுமானால் மரமாகவே வளர்த்தாக வேண்டும். தாவரவியல் பூங்கா அதற்குத்தான்.

அங்கே புல்தரையையும் நீரூற்றையும் விடப் பதிவேடு முக்கியம். எந்த மலை, எந்தத் தாய்மரம், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாத அரிய செடி வெறும் அழகுச் செடிதான். அதைத் திரும்ப எங்கே நடுவது?

திரும்ப நட்ட கதை ஒன்று உண்டு. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே செருப்பு ஆர்க்கிட், மஞ்சள் பூப்பது: பாபியோபெடிலம் ட்ரூரியை. 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1972இல் அகத்தியமலையில் மறுபடி தென்பட்டது. சேதி பரவியதும் ஆர்க்கிட் சேகரிப்போர் வேரோடு அள்ளிப்போனார்கள். ஆர்க்கிட் விதை தூசி அளவே இருக்கும். அதற்குள் உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். கேரளத்துப் பாலோட்டில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, பூஞ்சைக்குப் பதிலாகச் சத்துக்கூழ் கொடுத்துக் குடுவையில் கன்றுகளைப் பெருக்கி, அகத்தியமலையிலேயே நட்டது.

ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது. தென்னாப்பிரிக்காவில் 1895இல் என்செபலார்டோஸ் வுடியை என்ற சைகஸ் உறவு மரம் ஒன்றே ஒன்று, அதுவும் ஆண், கிடைத்தது. பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை. உலகப் பூங்காக்களில் இருப்பவை எல்லாம் அதன் பக்கக்கன்றுகள்தான், விதைக்கு வழியில்லை. பல தாய்மரங்களிலிருந்து விதை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

2017இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வின் கணக்குப்படி, அழியும் நிலையிலுள்ள தாவரங்களில் 41 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. ஆனால் குளிர்நாட்டு இனங்களில் 60 சதவீதம் இருக்க, வெப்பமண்டல இனங்களில் 25 சதவீதம்தான். பணமுள்ள பூங்காக்கள் பனி நாடுகளில் இருக்கின்றன. நம் மரங்கள் அங்கே கண்ணாடி வீட்டுக்குள்தான் பிழைக்கும்.

அதனால் மலைக்குப் பக்கத்திலேயே பூங்கா வேண்டும் என்பேன். சோலை மரம் வைகை அணைப் பூங்கா வெயிலில் நிற்காது. அதற்கு மேகமலை உயரத்தில் நாற்றங்கால் வேண்டும். அணைப் பூங்காவுக்கு ஏற்றவை அடிவாரத்து வறண்ட காட்டு மரங்கள். தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், பதிவேடு எழுத இன்னோர் ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம்.