துருவப் பனியில் காரீயம்



சந்தா வாங்க வல்லத்தில் வீடு வீடாகப் போனபோது, ஒரு முற்றத்தில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி உடைந்து கிடந்தது. உள்ளிருந்த காரீயத் தகடுகளைப் பிள்ளைகள் வெறுங்கையால் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "எடைக்குப் போட்டால் காசு வருமே பாய்" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம். கொஞ்சம் தூரம் சுற்றித்தான் வர வேண்டும்.

நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் விழுந்து, வெயில் ஏறினால் மறைந்துவிடுவது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியிலும் அண்டார்டிக்காவிலும் விழும் வெண்பனி பெரும்பாலும் உருகுவதில்லை. ஒரு வருடப் பனிமேல் மறுவருடப் பனி விழுந்து இறுகும். காற்றில் வந்த தூசும் புகையும் அந்தந்த வருட அடுக்கிலேயே தங்கிவிடும். ஆழத் தோண்டினால் பழைய வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டுவதுபோல வருடவாரியாகப் படிக்கலாம்.

அப்படிப் படித்தவர்கள் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும். 1969இல் வெளியிட்ட அவர்கள் கணக்குப்படி, கி.மு. 800இல் இருந்ததைவிட 1965 வாக்கில் கிரீன்லாந்துப் பனியில் காரீயம் சுமார் 200 மடங்கு. அப்போதும் ஒரு கிலோ பனியில் ஒரு கிராமில் 50 லட்சத்தில் ஒரு பங்குதான். கை பட்டாலே கணக்கு தப்பிவிடும் என்பதால் உடை, உறை, பாத்திரம் எல்லாவற்றிலும் கடுமையான சுத்தம் பார்த்தார்கள். 1940க்குப் பிறகு அளவு கிடுகிடுவென ஏறியதற்கு முக்கியக் காரணம் பெட்ரோல். என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக 1923 முதல் அதில் காரீயச் சேர்மம் கலந்து வந்தார்கள்.

அண்டார்டிக்காவுக்கு அதற்கு முன்பே, 1889 வாக்கில், காரீயப் புகை போய்ச் சேர்ந்துவிட்டது. மனிதன் தென்துருவத்தில் கால் வைத்ததோ 1911இல்! சுரங்கத்துக்குச் சுரங்கம் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறும். அதை வைத்து, வந்த இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் என்று கண்டுபிடித்தார்கள். (அந்தக் கண்டத்துக்கு நம் நாட்டின் முதல் குழுவை 1982 ஜனவரியில் அழைத்துச் சென்றவர் அலிகரில் படித்த செய்யது ஜஹூர் காசிம். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.)

அமெரிக்கா பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கக் குறைக்க, சுமார் இருபது வருடத்தில் கிரீன்லாந்துப் பனியில் அது ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு காரீயப் பெட்ரோல் நின்றது.

பெட்ரோலில் நின்றது வீட்டில் நிற்கவில்லை. காரீயம் எலும்பில் தங்கும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பேட்டரியை வீட்டில் உடைக்கவோ உருக்கவோ வேண்டாம். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். உடைத்த இடத்தைப் பெருக்கினால் தூசு பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

சுர்மாவிலும் கவனம் தேவை. சுர்மா இடும் வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் விற்கும் பல சுர்மாக்களில் இருப்பது காரீயக் கல்லின் பொடி. எதில் செய்தது என்று தெரியாததைக் குழந்தை கண்ணில் இடாதீர்கள்.

பிரியாணி தேக்சாவுக்குப் பூசும் ஈயமும் இதுதானா என்று ஒரு சகோதரி கேட்டார். அது வெள்ளீயம், வேறு உலோகம். பூசுகிறவர் காரீயம் கலக்காமல் பூசுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.