முடி போனால் என்ன என்று கேளாதீர்

"உயிர் பிழைத்ததே பெரிது, முடி போனால் என்ன?" புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரிடம் நம் குடும்பங்களில் அன்போடு சொல்லப்படும் வார்த்தை இது. சொல்பவரின் நோக்கம் நல்லதே. ஆயினும் அதைக் கேட்டவர் பிறகு வாய் திறப்பதில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில், 1969-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அவர் பிறந்த ஊரும் காஞ்சியே. கல்யாணப் பட்டெடுக்க மக்கள் வந்திறங்கும் அதே ஊருக்குத்தான், தலையில் முக்காடிட்ட பெண்களும் சிகிச்சை தேடி வருகின்றனர்.

மொட்டைத் தலை நமக்குப் புதிதன்று. வேளாங்கண்ணியில் நேர்ச்சையாக முடி கொடுத்தோர் நம் வீடுகளிலேயே உண்டு. அதில் யாருக்கும் வெட்கமில்லை. தாமே விரும்பிக் கொடுத்தது அன்றோ? மருந்தால் உதிர்வதோ கேளாமல் பறிக்கப்படுவது. வேதனையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. முடியின் வேரில் உள்ள அணுக்களும் அவ்வகையே. ஆகவே பல மருந்துகளில், முதல் தவணைக்குப் பின் 2 அல்லது 3 வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். சிலருக்குப் புருவமும் போகும், நகம் கறுக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளரும். இதனை அறிந்து, உதிருமுன் தாமே கத்தரித்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அப்பொழுது அது அவர்கள் எடுத்த முடிவாகிறது. (பட்டு நகரில் இதைச் சொல்லலாமோ? தலையில் பட்டு வழுக்கும். மெல்லிய பருத்தித் துணியே நிற்கும்.)

மார்பகம் அகற்றப்பட்டவரின் துயரம் இன்னும் ஆழமானது. சேலை மறைத்துவிடும் என்பர். ஊராரிடமிருந்து மறைக்கும், கணவரிடமிருந்தும் கண்ணாடியிடமிருந்தும் மறைக்காது. மனைவிக்கு நோகுமே என்று எண்ணிக் கணவர் வேறு அறையில் படுக்கிறார். அவளோ, தன்னை அருவருக்கிறார் என்று எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் தீரும் துன்பம் இது. தழும்பை எப்பொழுது காட்டுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். காட்டும்போது அவர் முகத்தைத் திருப்பாதிருக்கட்டும். புண் ஆறியபின் ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளலாம். செயற்கை மார்பகமும் மறுசீரமைப்பு அறுவையும் உண்டு. இவைபற்றி மருத்துவரிடம் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

பிப்ரவரி 5-இல் நாம் நினைவுகூரும் புனித ஆகத்தாவின் மார்பகங்கள் அறுக்கப்பட்டன என்பது மரபு. ஓவியர்கள் அவற்றைத் தட்டில் ஏந்தியவளாகவே அவளை வரைந்தனர். திருச்சபை அந்த இழப்பைச் சொல்லக் கூசவில்லை; நாம் ஏன் கூசவேண்டும்?

ஆண்களும் இதற்கு விலக்கல்லர். தாடையில் அறுவை செய்துகொண்டவர் கல்யாணப் பந்தியைத் தவிர்க்கிறார். வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டவர் பூசைக்கு வர அஞ்சுகிறார். "எப்படி இருந்தவர், இப்படி ஆகிவிட்டாரே!" என்று கோயில் வாசலில் உச்சுக்கொட்டுகிறவர்களும் இதற்குக் காரணம். வாரக்கணக்கில் உறக்கமின்றி, உண்ண மனமின்றி, சாவதே மேல் என்று பேசுகிறவரை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளுதல் தகாது. உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்: அம்மாவுக்கு மருந்தால் முடி கொட்டும், யார்மீதும் தொற்றாது, பிறகு வளரும் என்று. சொல்லிவிட்டால், அவர்கள் அம்மாவின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.