ஊர் கூடி எழுதும் அகராதி

ஒரு புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்து போனால் பக்க எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், அகராதியிலிருந்து ஒரு சொல் நழுவிப் போனால் என்ன ஆகும்? அது இருந்த இடத்தில் பள்ளம் ஏதும் தெரியாது. முன்னால் இருந்த சொல்லும் பின்னால் இருந்த சொல்லும் நெருங்கி நின்றுகொள்ளும். தேடி வருபவர், "இப்படி ஒரு சொல்லே இல்லை போலும்" என்று திரும்பிப் போய்விடுவார்.

இது வெறும் கற்பனையன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேக்குப் பல நாடுகளிலிருந்தும் தன்னார்வலர்கள் சிறு துண்டுத் தாள்களில் சொற்களை எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். அடிமைப் பெண் என்று பொருள்படும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்குரிய தாள்கள் எப்படியோ தவறிவிட்டன. 1880-களில் 'பி' எழுத்துக்குரிய பகுதி அச்சாகி வந்தபோது அதில் அந்தச் சொல் இல்லை. 1933-ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

காகிதக் காலத்தில் தவறியது ஒரு சொல். இன்று அகராதிகள் கணிப்பொறியில் இருக்கின்றன. ஒரே கட்டளையில் இலட்சம் சொற்களைத் திருத்தலாம். அதே ஒரு கட்டளையில் இலட்சம் சொற்களைக் கெடுத்தும் விடலாம். எனவே, பலர் கூடி எழுதும் அகராதியின் அமைப்பை மாற்றும்போது எத்தகைய எச்சரிக்கை வேண்டும் என்பதைக் காண்போம்.

அமைப்பு என்றால் என்ன?

கணிப்பொறி அகராதி என்பது கட்டம் போட்ட ஒரு பெரிய பதிவேடு போன்றது. இதைத் தரவுத்தளம் என்கிறோம். ஒரு கட்டத்தில் சொல், அடுத்ததில் இலக்கண வகை, அதற்கடுத்ததில் பொருள். ஒரு கட்டத்தினுள் இருக்கும் எழுத்துப் பிழையைத் திருத்துவது சாதாரண வேலை. அதனால் ஒரு சொல்லுக்கு மட்டுமே பாதிப்பு. கட்டங்களையே மாற்றிப் போடுவது அமைப்பு மாற்றம். அது எல்லாச் சொற்களையும் தொடும். அந்தப் பதிவேட்டை நம்பி இயங்கும் எல்லா நிரல்களையும் தொடும்.

வீட்டில் சுண்ணாம்பு அடிப்பதற்கும் தூணை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. அதிலும் பொது அகராதியில் ஆட்கள் குடியிருக்கும்போதே தூணை மாற்றவேண்டும். ஏனெனில், எழுதுவோரும் படிப்போரும் எந்நேரமும் உள்ளே இருக்கிறார்கள்.

முதல் எழுத்தால் வந்த சிக்கல்

விக்சனரி என்பது யாரும் எழுதக்கூடிய இணைய அகராதி. அதன் ஆங்கிலப் பதிப்பு 2002 டிசம்பரிலும் தமிழ்ப் பதிப்பு 2004-லும் தொடங்கின. விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்துக்குப் பயன்பட்ட மென்பொருளே இதற்கும் பயன்பட்டது. அதில் ஒவ்வொரு தலைப்பின் முதல் எழுத்தும் தானாகவே பெரிய எழுத்தாகிவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. சிறிய எழுத்தில் தொடங்கினால் 'பாலிஷ்', அதாவது மெருகேற்றுதல். அதே எழுத்துகள் பெரிய எழுத்தில் தொடங்கினால் 'போலிஷ்', அதாவது போலந்து மொழி. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் அனைத்துமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும். 'மோர்கன்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினால் காலைப்பொழுது. சிறிய எழுத்தில் எழுதினால் நாளை. கலைக்களஞ்சியத்துக்கு இந்த வேறுபாடு பெரிதன்று, அகராதிக்கோ உயிர்நாடி. இரு வேறு சொற்கள் ஒரே பக்கத்தில் அடைபட்டுக் கிடந்தன.

2005-ஆம் ஆண்டில் ஆங்கில விக்சனரியில் இந்த விதியை மாற்றினார்கள். அதற்குள் பல்லாயிரம் பக்கங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு நிரல் அந்தப் பக்கங்களைச் சிறிய எழுத்துத் தலைப்புக்கு நகர்த்தியது. இலண்டன் போன்ற பெயர்கள் பெரிய எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பது அதற்குத் தெரியுமா? தெரியாது. 'லண்டன்' பக்கமும் சிறிய எழுத்துக்குப் போயிற்று. அத்தகைய சொற்களைப் பின்னர் மனிதர்கள் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

இத்தனைக்கும் அகராதி நிலைகுலையவில்லை. காரணம் இரண்டு. பக்கத்தை நகர்த்தியபோது பழைய தலைப்பில், "இங்கே இருந்தது இப்போது அங்கே இருக்கிறது" என்று வழிகாட்டும் குறிப்பு வைக்கப்பட்டது. ஆகவே, பழைய முகவரியோடு வந்தவர் வெறும் வாசலில் நிற்கவில்லை. இரண்டாவதாக, ஒவ்வொரு பக்கத்தின் வரலாறும் சேமிக்கப்பட்டிருந்தது. செய்ததைத் திருப்பிப் போட வழி இருந்தது.

பெயர் வேறு, எண் வேறு

இந்தச் சிக்கலின் வேர் எது? சொல்லின் எழுத்துகளே அதன் முகவரியாகவும் இருந்ததுதான். எழுத்து மாறினால் முகவரியும் மாறிவிடும். எனவே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாள எண் கொடுப்பது நல்லது.

எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985-இல் தொடங்கிய 'வேர்டுநெட்' என்ற சொற்களஞ்சியத்தில், ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுதிகளாகச் சேர்த்தார்கள். ஒரு தொகுதி கோப்பில் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்பதே அதன் எண்ணாயிற்று. புதிய பதிப்பில் முன்னால் சில வரிகள் சேர்ந்தால் பின்னால் உள்ளவற்றின் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். பழைய எண்களைக் குறித்து வைத்திருந்தவர்களுக்காக, இந்தப் பழைய எண்ணுக்கு இந்தப் புதிய எண் என்று காட்டும் பட்டியல்கள் தேவைப்பட்டன.

வரிசையில் நிற்கும் இடம் அடையாளமாகாது. பள்ளியில் சேரும்போது கொடுக்கும் சேர்க்கை எண்தான் அடையாளம். விக்கித்தரவு என்னும் திட்டத்தில் 2018 முதல் சொற்களுக்கு இவ்வாறே எண் தருகிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் எண் மாறுவதில்லை.

படிப்படியாக மாற்றும் முறை

நம் வட்டார வழக்குச் சொற்களை இருபது பேர் சேர்ந்து தொகுப்பதாகக் கொள்வோம். 'படி' என்ற சொல்லுக்கு நேரே, பொருள் கட்டத்தில் "மாடிக்கு ஏறும் படி, வாசி, ஓர் அளவை" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பொருள் எந்த வட்டாரத்தில் வழங்குகிறது என்று இப்போது குறிக்கவேண்டும். ஒரே கட்டத்தில் மூன்று பொருள்களும் நெருக்கியடித்திருப்பதால் அது முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி கொண்ட புதிய பட்டியல் தேவை.

ஒரே இரவில் பழைய கட்டத்தை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தால், பழையதைப் படித்துவந்த நிரல்கள் மறுநாள் நின்றுவிடும். பாதுகாப்பான முறை வேறு.

முதலில் முழு நகல் எடுக்கவேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்த நகலைக் கொண்டு அகராதியை மீண்டும் உருவாக்க முடிகிறதா என்று சோதிக்கவேண்டும். மாற்றத்தை அந்த நகலின்மீதே ஒத்திகை பார்க்கவேண்டும்.

இரண்டாவதாக, பழையதைத் தொடாமல் புதிய பட்டியலை அதன் பக்கத்திலேயே சேர்க்கவேண்டும். மூன்றாவதாக, அன்று முதல் எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களிலும் பதிவாகவேண்டும். எழுதினால் இரண்டிலும் எழுது, முடியாவிட்டால் இரண்டிலும் எழுதாதே என்பது விதி. பாதியில் மின்சாரம் போனாலும் அரைகுறைப் பதிவு தங்கக்கூடாது.

நான்காவதாக, பழைய சொற்களைச் சிறு சிறு தொகுதிகளாகப் புதிய பட்டியலுக்குப் படியெடுக்கவேண்டும். மொத்தமாகச் செய்தால் அந்நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்க நேரும். மூன்றாவது படிக்கு முன் இதைச் செய்தால், படியெடுக்கும் வேளையில் பிறர் செய்யும் திருத்தங்கள் புதியதில் ஏறாமல் போகும். ஆகவே வரிசை முக்கியம்.

ஐந்தாவதாக, படிக்கும் நிரல்களை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றவேண்டும். எல்லாம் சரியாக ஓடுகின்றன என்று சில காலம் பார்த்த பிறகே பழைய கட்டத்தை எடுக்கலாம். சென்னைத் தெருக்களில் வீட்டுச் சுவர்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தந்திரம்தான் இது. தபால்காரர் எதைக் கொண்டு வந்தாலும் வீடு கிடைக்கும்.

சரி பார்ப்பது எப்படி?

அரைப்புள்ளி வரும் இடத்தில் பொருளைப் பிரி என்று நிரலுக்குச் சொன்னோம் என்க. யாரோ ஒருவர் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குள்ளும் அரைப்புள்ளி போட்டிருப்பார். நிரல் அந்த வாக்கியத்தையும் வெட்டி, பாதியைத் தனிப் பொருளாக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. முன்பு எத்தனை சொற்கள், இப்போது எத்தனை என்று எண்ணவேண்டும். பொருளே இல்லாமல் நிற்கும் சொல் உண்டா என்று தேடவேண்டும். பிரித்தவற்றை மறுபடி ஒட்டிப் பழைய கட்டத்தோடு ஒப்பிடவேண்டும்; ஓர் எழுத்து தொலைந்திருந்தாலும் அகப்பட்டுவிடும். ஆனால், வெட்டக்கூடாத இடத்தில் வெட்டியதை இந்த மூன்றும் காட்டா. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். சொற்களைத் தெரிந்த நூறு வரிகளையாவது அங்கங்கே எடுத்துப் படித்துப் பார்க்கவேண்டும்.

செய்து பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பாடநூலில் இல்லாத ஐம்பது வட்டாரச் சொற்களை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். பிறகு நண்பர்களோடு சேர்ந்து, பொருளுக்கு ஓர் அட்டை என்று அமைப்பை மாற்றுங்கள். பழைய அட்டைகளைச் சரிபார்த்து முடிக்கும் வரை கிழிக்காதீர்கள்.

எழுதும் நிரலை மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். கணிப்பொறி பழுதானால் வேறு வாங்கலாம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சொன்ன சொல்லைத் தொலைத்துவிட்டால் அதை மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?