காற்று வடிகட்டியும் பெட்ரோல் சிக்கனமும்

விசேஷக் காற்று வடிகட்டி பொருத்தினால் காரின் சக்தி பெருகும், பெட்ரோல் மிஞ்சும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இது எவ்வளவு தூரம் உண்மை?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக்கூடம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. கணிப்பொறிக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீச்சப்படும் கார்களில், வடிகட்டி அடைபட்டபோதும் பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகம் பிடிக்கும் திறனே குறைந்தது. காரணம், உட்புகும் காற்றுக்கேற்பவே பெட்ரோல் செலுத்தப்படுகிறது. சாதாரண ஓட்டத்தில் திராட்டில் வால்வு சிறிதளவே திறந்திருக்கும். வடிகட்டியின் தடையை அது சற்று அதிகம் திறந்து ஈடுசெய்கிறது. முழுதும் திறந்தபின் அதற்கு வழியில்லை, சக்தி குறைகிறது.

அடைபட்ட வடிகட்டியே பெட்ரோலை வீணாக்கவில்லை எனில், விசேஷ வடிகட்டி எதனை மிச்சப்படுத்தும்? தூசியைத் தடுத்துச் சிலிண்டரைத் தேய்மானத்தினின்று காப்பதே வடிகட்டியின் முதற் பணி. அதனை உரிய காலத்தில் மாற்றினாலே போதுமானது.