ஆயிரம் ரூபாய் அட்டையும் மூன்று நாள் கணக்கும்

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்து, பெண்களுக்கு ஏடிஎம் அட்டைகளை வழங்கினார். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். செவிலிமேடு போன்ற நெசவுப் பகுதிகளில், தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தே காலம் கழித்த பல பெண்களுக்குச் சொந்தப் பெயரில் வந்த முதல் அட்டை இதுதான்.

திருடர்களும் அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். பணம் சரியான கணக்குக்குப் போகிறதா என்று பார்க்க அரசு முன்கூட்டியே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தது. அதையே சாக்காக வைத்து, "அம்மா, ஒரு ரூபாய் வந்துச்சா? மீதி வரணும்னா இப்ப வந்த ஓடிபியைச் சொல்லுங்க" என்று அழைப்புகள் வந்தன. யாரிடமும் ஓடிபி சொல்ல வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களைச் சிக்க வைப்பது இன்னும் சுலபம். மேல்முறையீட்டை இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் போனில் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, எந்த எண்ணையும் சொல்ல வேண்டியதில்லை.

போன் மோசடியைப் பற்றிப் பேசிப் பேசி ஓரளவு விழிப்பு வந்திருக்கிறது. நான் அதிகம் அஞ்சுவது ஏடிஎம் வாசலில் நடக்கும் அட்டை மாற்றத்தைத்தான். திரையில் வருவது புரியாமல் ஒரு பெண் தயங்குகிறார். பின்னால் நிற்பவன் மரியாதையாக, "குடுங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்கிறான். ரகசிய எண்ணைக் கேட்கிறான், அல்லது அட்டையின் உறையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்கிறான். கேட்ட ஆயிரத்தை எடுத்து எண்ணியும் கொடுக்கிறான். ஆனால் திருப்பித் தருவது அதே நிறத்தில் இருக்கும் வேறு யாருடைய அட்டையையோ. பணம் சரியாகக் கைக்கு வந்துவிட்டதால் சந்தேகமே எழாது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகு அட்டையைச் செருகும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் கணக்கு காலி. பல வீடுகளில் உரிமைத் தொகை வரும் அதே கணக்கில்தான் நெசவுக் கூலியும், மகளிர் குழுக் கடனும், கேஸ் மானியமும் வருகின்றன. அவன் கண் வைத்தது வெறும் ஆயிரத்தின் மேல் இல்லை.

உங்கள் அட்டையின் கடைசி நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். பின்புறம் நகப்பூச்சில் ஒரு பொட்டு வையுங்கள். ரகசிய எண்ணை உறையில் எழுதாதீர்கள். அட்டையை முடக்க அழைக்க வேண்டிய வங்கி எண் அட்டையின் பின்னால்தான் அச்சாகியிருக்கும். அட்டை போனால் அந்த எண்ணும் போய்விடும் என்பதால், அதைப் பாஸ்புத்தகத்திலும் சுவர்க் காலண்டரிலும் இன்றே எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உங்கள் கணக்கோடு யாருடைய செல்போன் எண் இணைந்திருக்கிறது? வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையதா, என்றோ தூக்கிப் போட்ட சிம்முடையதா? பணம் எடுத்தால் வரும் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறதோ, அங்கிருந்துதான் உங்கள் உரிமைக்கான நாள் கணக்கு தொடங்குகிறது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வங்கியின் கவனக்குறைவால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. இருவர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரின் கைவரிசையால் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னாலும் இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயும், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும் முன்கூட்டியே பணம் ஏற்றிய ப்ரீபெய்டு அட்டைகளுக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாயும்தான் உங்கள் பொறுப்பு. புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைத்து, 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு உங்களுடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். ஆனால் புகார் செய்த நிமிடத்துக்குப் பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் நஷ்டம். "நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்று கவுன்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நேரம் குறித்த புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கும் அழையுங்கள். பணம் திருடனின் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் நிறுத்தி வைக்கும் வழி அதில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கென சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டைகள் பல மாநிலங்களில் இன்னும் காந்தப் பட்டையோடுதான் இருக்கின்றன. கடை இயந்திரத்தில் ரகசியக் கருவியைப் பொருத்தி அவற்றை நகலெடுத்துவிடுகிறார்கள். பறிபோன உதவியை மத்திய அரசுப் பணத்தில் ஈடுகட்டும் ஏற்பாடும் 2024 டிசம்பர் 20 வரை நடந்த திருட்டுகளோடு முடிந்துபோனது. நம் அட்டைகளில் சிப் இருப்பதால் நகலெடுப்பது கடினம். அதனால்தான் இங்கே திருடன் இயந்திரத்தை விட்டுவிட்டு மனுஷியிடம் வருகிறான்.

திருடன் மட்டும்தான் கை வைப்பான் என்றும் இல்லை. 2023இல் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதம் பிடித்தன. உரிமைத் தொகையை வேறு எதற்கும் நேர்செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்து, முதலமைச்சரின் உதவி மையமான 1100இல் புகார் செய்யச் சொன்னார். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு என்ற விதியே கிடையாது. உங்களுடையது எந்த வகைக் கணக்கு என்று கேளுங்கள், தேவைப்பட்டால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448இல் வழி கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. புகார் எண்ணும், பதிந்து வாங்கிய பாஸ்புத்தகப் பக்கத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.