முடிவுறா வாதமும் மேய்ப்பரின் பொறுப்பும்

எத்தனை சான்றுகள் காட்டினும் முடிவுக்கு வராத வாதங்களைத் திருப்பணியில் நாம் சந்திக்கிறோம். "உண்மையை மறைக்கப் பலர் கூடிச் சதி செய்கின்றனர்" என்னும் எண்ணம் ஒருவருள் வேரூன்றிவிட்டால், மறுப்புகளே அதற்கு உரமாகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

பூமி தட்டையானது என்பதே திருமறையின் போதனை எனக் கொண்ட ஜான் ஹாம்டன், நீர்ப்பரப்பின் வளைவை எவரேனும் மெய்ப்பிக்க முடியுமா என்று 1870இல் 500 பவுன் பந்தயம் அறிவித்தார். இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் அதனை ஏற்றார். அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள் பழைய பெட்போர்டு கால்வாயின் ஆறு மைல் நேர்ப்பகுதியில் சோதனை நடைபெற்றது. ஒரு முனைப் பாலத்தில் தொலைநோக்கி, மறுமுனைப் பாலத்தில் கருங்கோடிட்ட துணி, நடுவே கம்பத்தில் ஒரு வட்டு ஆகிய மூன்றும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அமைந்தன. நீர்ப்பரப்பு தட்டையாயின் வட்டும் கோடும் ஒரே மட்டத்தில் தோன்றவேண்டும். ஆனால் வட்டு உயர்ந்தே தோன்றியது.

இதன் பின்னர் நிகழ்ந்தவை மூன்று. முதலாவது, ஹாம்டன் தரப்பு நடுவரான கார்ப்பென்டர் அதே காட்சியைக் கண்டும், அது தட்டைமையையே காட்டுகிறது என்றார்; ஹாம்டனோ தொலைநோக்கியில் பார்க்கவே மறுத்தார் என வாலஸ் எழுதியுள்ளார். இரண்டாவது, தலைமை நடுவர் வால்ஷ் வாலசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும், அத்தீர்ப்பு நேர்மையற்றது எனப்பட்டது. மூன்றாவது, பூமியைப் பற்றிய கேள்வி மறைந்து, வாலஸ் யோக்கியரா என்பதே கேள்வியாயிற்று. ஹாம்டன் பல்லாண்டுகள் அவதூறுக் கடிதங்கள் எழுதினார். வாலசின் மனைவிக்கும் மிரட்டல் சென்றது. அவதூற்றிற்காக ஹாம்டன் சிறைத்தண்டனையும் பெற்றார். 1876இல் பந்தயப் பணம் அவருக்கே திரும்பக் கிடைத்தது. பந்தய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதே அதற்குக் காரணம். பூமியின் வடிவம் அங்குத் தீர்ப்புக்குரிய பொருளன்று.

நடுவரை ஏற்றுக்கொண்டவர், அந்நடுவரையே நியாயந்தீர்க்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அவ்வுரிமை உள்ளவரை எத்தீர்ப்பும் தீர்ப்பாகாது. மேலும் தரும் ஒவ்வொரு சான்றும் சதியின் அளவையே பெருக்கும்.

ஐயமே குற்றமன்று. தாம் எதைக் கண்டால் நம்புவார் என்பதைத் தோமா முன்னரே கூறினார்; காட்டப்பட்டபோது பணிந்தார். ஹாம்டனும் நிபந்தனை கூறினார். ஆனால் பார்க்க மறுத்தார். நேர்மையான ஐயத்திற்கும் முடிவுறா வாதத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே சான்றுகளை அடுக்குமுன், "எதைக் கண்டால் உமது கருத்தை மாற்றிக்கொள்வீர்?" என்று அன்புடன் கேட்பது மேய்ப்பருக்கு அழகு. விடை இல்லையெனில், வாதத்தை நிறுத்தி உறவைக் காப்பதே நலம்.

ஹாம்டன் திருமறையின் மீதுள்ள வைராக்கியத்தாலேயே இவற்றைச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது. சத்தியத்திற்காகப் போராடுகிறோம் என்னும் நினைவே அயலானுக்கு விரோதமாகப் பொய் கூறும் பாவத்தை அவர் கண்ணுக்கு மறைத்தது. ஆதலின் அதே கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.